சிறு பியர் ஆலைகள் எங்கே பெருகுகின்றன? காஹாங்கிலிருந்து ஒரு பார்வை

ஜொகூர் மாநிலத்தில் குளுவாங்கிலிருந்து மெர்சிங் செல்லும் 50ஆம் எண் கூட்டரசுச் சாலையில் இருக்கும் சிற்றூர் காஹாங். சுற்றிலும் செம்பனையும் ரப்பரும். வடக்கே எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவுக்குப் போகும் வழி. ரசாயனம் தொடாத நெல்லுக்குப் பெயர்பெற்ற பண்ணையும் இங்கே உண்டு. ஒரு காலத்தில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களால் நிறைந்திருந்த வட்டாரம் இது. இந்த ஊர்க் கடையில் பியர் வாங்கினால், அது பெரும்பாலும் சிலாங்கூர் மாநிலத்தின் இரண்டு ஆலைகளில் ஒன்றிலிருந்து வந்ததாக இருக்கும். ஒன்று ஷா ஆலமில் உள்ள கார்ல்ஸ்பெர்க், மற்றொன்று பெட்டாலிங் ஜெயா சுங்கைவேயில் உள்ள ஹைனகன். ஜொகூர் நீரிணையைத் தாண்டிச் சிங்கப்பூருக்குள் நுழைந்தால் நிலைமை வேறு. அங்கே உணவகத்தின் உள்ளேயே செம்புக் கொப்பரை வைத்துக் காய்ச்சும் சிறு ஆலைகள் 1997 முதல் இருந்து வருகின்றன.

தட்பவெப்பம் ஒன்று, இறக்குமதியாகும் தானியமும் ஒன்று. சமயம் நீங்கலாக மக்களின் பழக்கவழக்கங்களும் பெரிதாக வேறுபடவில்லை. பிறகு ஏன் ஒரு கரையில் சிறு ஆலைகள் பெருகின, மறுகரையில் பெருகவில்லை? கடந்த அரை நூற்றாண்டில் உலகெங்கும் பொருளியல் அறிஞர்களும் புவியியலாளர்களும் இதே கேள்வியைப் பல நாடுகளை வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் தந்த விளக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்து, நமக்குத் தெரிந்த ஊர்களோடு உரசிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். ஒரு வட்டாரத்தில் எத்தனை சிறு ஆலைகள் இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது தாகமோ தண்ணீரோ அல்ல, சட்டமும் வரியும்தான் என்பதே என் முடிவு. கள்ளுக்கடைகளின் வரலாற்றை உடலால் அறிந்த தமிழருக்கு இந்த முடிவு வெறும் வணிகச் செய்தியாக இருக்க முடியாது.

எண்ணிக்கையும் அடர்த்தியும்

முதலில் அளவுகோலைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஆலைகளின் மொத்த எண்ணிக்கை ஒரு கணக்கு. குடிக்கும் வயதை எட்டிய ஒரு லட்சம் பேருக்கு எத்தனை ஆலைகள் என்பது மற்றொரு கணக்கு. அமெரிக்காவில் எண்ணிக்கையில் முதலிடம் கலிபோர்னியாவுக்கு. அடர்த்தியில் முதல் வரிசையில் நிற்பதோ மக்கள்தொகை குறைந்த வெர்மாண்ட். ஜெர்மனியின் ஃபிராங்கோனியா பகுதியில் ஆவ்ஃப்ஸெஸ் என்றொரு சிற்றூர் உண்டு. சுமார் 1,500 பேர் வாழும் அந்த ஊரில் நான்கு பியர் ஆலைகள் இருந்ததால், மக்கள்தொகைக்கு மிக அதிக ஆலைகள் கொண்ட இடம் என்று 2000ஆம் ஆண்டில் கின்னஸ் சாதனைப் பதிவில் இடம்பெற்றது. சிற்றூர்களில் அடர்த்தி எண் பெரிதாகத் தெரியும். பெருநகரில் அதே எண் கரைந்துவிடும். ஆகவே இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மலேசியாவுக்கு இந்த அளவுகோலைப் பொருத்தும்போது இன்னொரு திருத்தம் தேவை. நாட்டு மக்களில் 60 விழுக்காட்டுக்கும் மேலானோர் முஸ்லிம்கள். அவர்களுக்கு மது சமயத்தால் விலக்கப்பட்டது. 2017 டிசம்பர் முதல் மது வாங்குவதற்கான குறைந்தபட்ச வயதும் 18இலிருந்து 21 ஆக உயர்ந்தது. எனவே முஸ்லிம் அல்லாத, 21 வயது நிறைந்தவர்களை மட்டுமே கணக்கில் எடுப்பது நியாயம். அப்படிச் சுருக்கிக் கணக்கிட்டாலும் மலேசியாவின் அடர்த்தி சிங்கப்பூரைவிடத் தாழ்வாகவே நிற்கிறது. சமயம் ஒரு பெரிய காரணம்தான், ஆனால் முழுக் காரணமும் அதுவல்ல.

நீரும் குளிரும் ஆண்ட காலம்

பழைய விளக்கம் இயற்கையிலிருந்து தொடங்குகிறது. இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்துச் சுண்ணச்சத்து மிகுந்த நீரும், செக் நாட்டுப் பில்சன் நகரத்தின் மென்மையான நீரும் தத்தமக்கென ஒரு பியர் வகையையே உருவாக்கின. குளிரும் அவ்வளவு முக்கியம். லாகர் வகை பியர் பத்துப் பன்னிரண்டு பாகை செல்சியஸில் மெல்ல நொதிக்க வேண்டும். குளிர்பதன எந்திரம் வருவதற்கு முன் வெப்ப நாட்டில் அது மலையுச்சியில்தான் சாத்தியம்.

ஆங்கிலேயர் காலத்துத் தெற்காசியாவின் வரைபடம் இதை அப்படியே காட்டுகிறது. இமயமலை அடிவாரத்துக் கசௌலி, இலங்கையின் நுவரெலியா, தமிழகத்தின் நீலகிரி ஆகிய மலையூர்களில்தான் பியர் ஆலைகள் எழுந்தன. நீலகிரியில் 1857இல் தொடங்கிய காஸில் ஆலை இவற்றுள் மூத்த ஒன்று. நீலகிரியிலும் பெங்களூரிலுமாக இயங்கிய ஐந்து ஆலைகளை 1915இல் ஒன்றிணைத்துத் தாமஸ் லீஷ்மன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் யுனைடெட் புரூவரீஸை அமைத்தார். சிறு ஆலைகள் கூடி நின்ற ஒரு வட்டாரம் எப்படி ஒரே நிறுவனத்துக்குள் அடங்கியது என்பதற்குத் தமிழ் மண்ணிலேயே கிடைக்கும் சான்று இது.

குளிர்பதனமும் ரயிலும் வந்த பிறகு மலையின் தேவை போயிற்று. இன்று எந்த நீரின் உப்புச்சத்தையும் வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். பார்லி மால்ட்டும் ஹாப்ஸ் பூவும் சிங்கப்பூருக்கும் ஜொகூருக்கும் ஒரே கப்பலில் வந்திறங்கலாம். இயற்கை இன்று கூட்டும் செலவு மின்கட்டணம் மட்டுமே. ஆகவே இயற்கை விளக்கம் நேற்றைய வரைபடத்துக்குப் பொருந்துகிறது, இன்றைய வரைபடத்துக்குப் பொருந்தவில்லை.

பெரிய நிறுவனங்கள் விட்ட இடைவெளி

அடுத்த விளக்கம் சந்தையிலிருந்து வருகிறது. கிளென் கரோல், ஆனந்த் சுவாமிநாதன் ஆகிய சமூகவியலாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெரும் தாக்கத்தை ஏற்படுத்தியது. சில பெரும் நிறுவனங்கள் சந்தை முழுவதையும் பிடிக்கும்போது, எல்லோருக்கும் பிடிக்கும் பொதுவான சுவையை நோக்கியே அவை நகர்கின்றன. ஓரங்களில் விடுபட்ட சுவைகளை நாடுவோருக்குச் சிறு உற்பத்தியாளர்கள் தோன்றுகிறார்கள் என்பது அவர்கள் வாதம். அமெரிக்காவில் 1970களின் இறுதியில் நூற்றுக்கும் குறைவான ஆலைகளே எஞ்சியிருந்தன. இப்போது அங்கே 9,000க்கும் மேல் இருக்கின்றன.

புவியியலாளர் வெஸ் ஃபிளாக் 1997இல் இன்னொரு கோணத்தைச் சேர்த்தார். ஒரே மாதிரிக் கடைகளும் ஒரே மாதிரிப் பண்டங்களும் நாடு முழுவதும் பரவியதற்கு எதிர்வினையாக, மக்கள் தம் ஊருக்கென்று ஏதாவது வேண்டும் என்று விரும்பினார்கள். சிறு ஆலை தன் ஊரின் ஆற்றையும் மலையையும் பழைய தொழிலையும் பெயரில் சுமந்து அந்த ஆசையை நிறைவேற்றியது என்றார். படித்த இளைஞர்கள், ஓரளவு வருமானம், சுற்றுலாப் பயணிகள், அருகருகே இருந்து ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் தொழிலர்கள் ஆகியவை கூடிய இடங்களில் அடர்த்தி ஏறியது. ஓரிகானின் போர்ட்லண்டும் வட கரோலைனாவின் ஆஷ்வில்லும் இதற்குப் பேர்பெற்றவை.

இந்த விளக்கத்தை மலேசியாவில் பொருத்திப் பாருங்கள். இரண்டே நிறுவனங்கள் கையில் ஏறத்தாழ முழுச் சந்தை. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் ஜொகூர் பாருவிலும் வருமானமுள்ள இளைஞர்கள். உணவுக்குப் பெயர்பெற்ற ஊர்கள். கோடிக்கணக்கில் சுற்றுலாப் பயணிகள். கோட்பாட்டின்படி சிறு ஆலைகள் பெருகியிருக்க வேண்டும், பெருகவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த கைவினை பியரைக் குடிப்போர் இருக்கிறார்கள், உள்ளூரில் காய்ச்சுவோர் அரிது. இடைவெளி இருப்பது மட்டும் போதாது என்பதை இது காட்டுகிறது. அந்த இடைவெளிக்குள் நுழைய அனுமதியும் வேண்டும்.

சட்டம் மாறிய ஆண்டுகள்

அனுமதியின் வலிமையை அறிய, சட்டம் மாறுவதற்கு முன்னும் பின்னும் ஒரே நாட்டைப் பார்ப்பதே சிறந்த வழி. அமெரிக்காவில் 1976இல் சிறு ஆலைகளுக்கான கூட்டரசு வரி குறைக்கப்பட்டது. 1978இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வீட்டில் சொந்தப் பயனுக்குப் பியர் காய்ச்சுவதை அனுமதித்தது. 1980களில் மாநிலங்கள் ஒவ்வொன்றாக, காய்ச்சிய இடத்திலேயே விற்க வழிவிட்டன. வீட்டில் கற்றுக்கொண்டவர்களே பிறகு சிறு ஆலை முதலாளிகள் ஆனார்கள். வட கரோலைனாவில் பியருக்கு இருந்த 6 விழுக்காட்டுச் சாராய வரம்பு 2005இல் 15 ஆக உயர்ந்த பிறகே அங்கே வளர்ச்சி வேகம் பிடித்தது.

ஜப்பான் இன்னும் துல்லியமான சான்று. அங்கே பியர் உரிமம் பெற வேண்டுமானால் ஆண்டுக்கு 20 லட்சம் லிட்டர் காய்ச்சியாக வேண்டும் என்ற விதி இருந்தது. 1994இல் அது 60,000 லிட்டராகக் குறைக்கப்பட்டது. மறு ஆண்டே நீகாட்டா மாநிலத்தில் எச்சிகோ என்ற சிறு ஆலை திறந்தது. சில ஆண்டுகளில் நாடெங்கும் நூற்றுக்கணக்கானவை எழுந்தன. நீரும் ரசனையும் வருமானமும் அந்த ஓராண்டில் மாறிவிடவில்லை, விதியில் இருந்த ஓர் எண்தான் மாறியது.

பிரிட்டனில் 2002இல், ஆண்டுக்கு ஐந்து லட்சம் லிட்டருக்குள் காய்ச்சும் ஆலைகளுக்கு வரி பாதியாக்கப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் ஆலைகள் பல மடங்காயின. ஆவ்ஃப்ஸெஸ் போன்ற ஊர்களில் குடும்ப ஆலைகள் இன்றும் பிழைத்திருப்பதற்கு, உற்பத்தி குறையக் குறைய வரியும் குறையும் ஜெர்மானிய முறை துணைநிற்கிறது. தாய்லாந்தில் புட்டியில் அடைத்து விற்க வேண்டுமானால் ஆண்டுக்கு ஒரு கோடி லிட்டர் காய்ச்ச வேண்டும் என்ற விதி நெடுங்காலம் சிறியவர்களை வெளியே நிறுத்தியது. 2022 நவம்பரில்தான் அது தளர்ந்தது.

சிங்கப்பூர் இந்த வரிசையில் மிக நெருக்கமான ஒப்பீடு. அங்கே மது வரி அதிகம், கட்டுப்பாடும் கடுமை. லிட்டில் இந்தியாவில் 2013 டிசம்பரில் நடந்த கலவரத்துக்குப் பிறகு, 2015இல் இரவு 10.30க்கு மேல் கடையில் மது வாங்கிச் செல்வதைத் தடுக்கும் சட்டமும் வந்தது. ஆயினும் 2004இல் சொந்தப் பயனுக்கு மாதம் 30 லிட்டர் வரை வீட்டில் காய்ச்ச அனுமதி தந்தார்கள். உணவக ஆலைகளுக்கும் உரிமம் உண்டு. குடிப்பதைக் கட்டுப்படுத்துவதும் சிறிய உற்பத்தியாளரை அடைத்து வைப்பதும் ஒன்றல்ல என்பதைச் சிங்கப்பூர் நிரூபித்திருக்கிறது.

பெங்களூரும் சென்னையும்

தமிழ் வாசகருக்கு இன்னும் பழக்கமான ஒப்பீடு பெங்களூரும் சென்னையும். இரண்டு நகரங்களிலும் கணினித் தொழில், இளைஞர் கூட்டம், நல்ல சம்பளம் எல்லாம் உண்டு. கர்நாடகம் சிறு ஆலைகளுக்குத் தனி உரிம விதி கொண்டுவந்த பிறகு, 2010களின் தொடக்கத்தில் டாய்ட், பியர் கிளப், ஆர்பர் போன்றவை பெங்களூரில் தோன்றின. இன்று அங்கே அவை பல பத்தாகப் பெருகி, இந்தியாவிலேயே அடர்த்தி மிகுந்த நகரங்களில் ஒன்றாக அதை ஆக்கியிருக்கின்றன. தமிழகத்திலோ அரசு நிறுவனமான டாஸ்மாக் 1983இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்டு, 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் தனதாக்கிக்கொண்டது. கள் 1987 முதல் தடையில் இருக்கிறது. இந்த அமைப்பில் பெரிய ஆலைகளின் சரக்குக்கே இடமுண்டு; பனையேறிக்கோ சிறு ஆலைக்காரருக்கோ இடமில்லை. பெங்களூர் போன்ற ஒரு கூட்டம் சென்னையில் உருவாகாமல் போனதற்கு ரசனைக் குறைவைக் காரணமாகச் சொல்வது பொருந்தாது.

மலேசியக் கணக்கு

மலேசியாவில் மது காய்ச்ச 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டத்தின்கீழ்ச் சுங்கத்துறையின் உரிமம் வேண்டும். 2016 மார்ச் முதல் பியருக்கு ஒரு லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 175 ரிங்கிட் என்று வரி கணக்கிடப்பட்டது. 5 விழுக்காட்டு பியர் ஆயிரம் லிட்டர் காய்ச்சினால் அதில் 50 லிட்டர் ஆல்கஹால். அந்த வீதத்தில் அதற்கு வரி 8,750 ரிங்கிட். 320 மில்லிலிட்டர் டின் ஒன்றுக்கு 2 ரிங்கிட் 80 சென். சிறியவருக்குக் குறைந்த வீதம் என்பது கிடையாது. ஆண்டுக்குப் பல கோடி லிட்டர் விற்கும் நிறுவனமும், வாரம் ஒரு கொப்பரை காய்ச்ச நினைப்பவரும் ஒரே வீதத்தில் கட்ட வேண்டும். மூலப்பொருளை மொத்தமாக வாங்கிச் செலவைக் குறைக்க முடியாத சிறியவருக்கு இந்த ஒரே வீதம் இரட்டைச் சுமை.

அரசியல் சூழலும் சேர்ந்துகொள்கிறது. 2017 அக்டோபரில் கோலாலம்பூரில் நடக்கவிருந்த கைவினை பியர் விழாவுக்கு, பாஸ் என்னும் இஸ்லாமியக் கட்சியின் எதிர்ப்புக்குப் பிறகு, மாநகர் மன்றம் அனுமதி தரவில்லை. பெரும்பான்மை மக்களின் சமய உணர்வை மதிப்பது ஒரு பல்லின நாட்டின் கடமை. அதில் குறை காண்பது என் நோக்கமல்ல. ஆனால் விளைவைக் கவனிக்க வேண்டும். பெரிய நிறுவனங்களின் விற்பனை தொடர்ந்தது, சிறியவர்கள்தாம் மேடை இழந்தார்கள். அமெரிக்கத் தென்மாநிலங்களில் ஏன் ஆலைகள் குறைவு என்று 2016இல் ஆராய்ந்த பொருளியலாளர் ஸ்டீஃபன் கோமன் இதையே சொன்னார். சமய நம்பிக்கையால் மதுவை எதிர்ப்போரும், போட்டியை விரும்பாத பெரிய உற்பத்தியாளர்களும் விநியோகஸ்தர்களும் வெவ்வேறு நோக்கத்தோடு நின்றாலும், சிறியவரை வெளியே நிறுத்தும் சட்டத்தில் இரு தரப்பின் நலனும் சந்திக்கிறது என்பது அவர் கண்ட உண்மை.

கள்ளுக்கடையின் அடர்த்தி

இத்தனைக்கும் மலாயாவில் சிறிய அளவில் நொதிக்கவைத்து உள்ளூரிலேயே விற்ற ஒரு பானம் நெருக்கமாகப் பரவியிருந்தது. அது தென்னங்கள். விடியலில் இறக்கினால் பொழுது சாயுமுன் புளித்துவிடும். தொலைதூரம் கொண்டுபோக முடியாது. ஆகவே குடிப்பவன் இருக்கும் இடத்திலேயே கடையும் இருந்தாக வேண்டும். லயங்களுக்கு அருகே தோட்டக் கள்ளுக்கடை, பட்டணத்தில் அரசுக் கள்ளுக்கடை என்று அது பரவியது. ஒரு லட்சம் பேருக்கு எத்தனை என்ற கணக்கை அன்று யாரேனும் போட்டிருந்தால், இன்றைய வெர்மாண்டை வியக்க வேண்டியிருக்காது.

அந்த அடர்த்தியை உருவாக்கியவர்கள் தொழிலாளர்கள் அல்லர். உரிமம் தந்தது அரசு, கடை நடத்தியது தோட்ட நிர்வாகம், வரியும் லாபமும் மேலே போயின. கடை லாபத்தில் ஒரு பகுதி தொழிலாளர் நலனுக்கு என்று ஒதுக்கப்பட்டதும் உண்மை. தொழிலாளியின் கூலியே சுற்றி வந்து அவனுக்குத் தர்மமாகக் கொடுக்கப்பட்டது என்பதும் உண்மை. கூலியாள் தோட்டத்தைவிட்டுப் போகாமல் இருக்கவும் கள் பயன்பட்டது. இதை நம் முன்னோர் நன்றாக அறிந்திருந்தார்கள். 1941இல் ஆர்.எச்.நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டாரத் தோட்டப் போராட்டத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடுவதும் ஒன்று. 1946-47இல் கெடாவில் ஏ.எம்.சாமி கட்டிய தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு முன் மறியல் செய்து, காவல்துறையின் தடியடியைத் தாங்கியது. இளைஞர்கள் அன்று எதிர்த்தது ஒரு பானத்தை மட்டுமல்ல, தங்கள் உழைப்பை உறிஞ்சிய ஓர் ஏற்பாட்டை.

கள்ளுக்கடைகள் பின்னர் மறைந்தன, குடி மறையவில்லை. அந்த இடத்தைச் சம்சு என்னும் மலிவுச் சாராயம் பிடித்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல பத்தாண்டுகளாக அதன் கேட்டை எடுத்துச் சொல்லி வருகிறது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த போலி மது நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. இறந்தவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். தமிழகத்தின் கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதும் அதே நஞ்சால்தான். எல்லா இடத்திலும் சாவது ஏழை. நல்ல பொருள் எட்டாத விலைக்குப் போகும்போது, கண்காணிப்பு இல்லாத பொருள் அவன் கைக்கு வருகிறது.

வேறு வழி கண்டவர்கள்

சிறு உற்பத்தியை உழைப்பவர் பக்கம் நிறுத்தும் முயற்சிகளும் நம் கண்முன் உண்டு. யாழ்ப்பாணத்தில் 1970களில் சீவல் தொழிலாளர்கள் கூட்டுறவுக்குள் வந்தார்கள். பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் கள்ளை அவர்களிடமிருந்து வாங்கித் தவறணைகளில் விற்கின்றன, போத்தலிலும் அடைக்கின்றன. வடமராட்சியின் திக்கம் வடிசாலையும் இந்தக் கூட்டுறவு முயற்சியில் விளைந்தது. கேரளம் 1969இலேயே கள்ளுத் தொழிலாளர் நலநிதிச் சட்டம் இயற்றியது. இவ்விரு இடங்களிலும் கலப்படப் புகார்களும் குடிநோயும் இல்லாமல் இல்லை. ஆனால் மரமேறுபவருக்கு ஒரு பெயரும் பதிவும் ஓய்வூதியமும் கிடைத்தன. சரவாக்கின் நீள்வீடுகளில் காவாய் திருநாளுக்காக அரிசியில் ஆக்கும் துவாக், அந்த மக்களின் பண்பாடாக மதிக்கப்படுவதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும்.

தீர்ப்பு

இயற்கை விளக்கம் பழைய வரைபடத்துக்கு உரியது. சந்தை விளக்கம் ஆசையைச் சொல்கிறது. சட்ட விளக்கமே ஜப்பானையும் பெங்களூரையும் சிங்கப்பூரையும் காஹாங்கையும் ஒருசேர விளக்குகிறது. உரிமத்தின் குறைந்தபட்ச அளவு, சிறியவருக்கான வரி வீதம், காய்ச்சிய இடத்தில் விற்கும் உரிமை ஆகிய மூன்றும் எங்கே திறந்தனவோ அங்கே அடர்த்தி உயர்ந்தது. உயர்ந்த அடர்த்தி என்றென்றும் நிலைப்பதும் இல்லை. அமெரிக்காவில் 2024இல் திறந்தவற்றைவிட மூடியவை அதிகம்.

அடர்த்தி உயர்வதே நன்மை என்று நான் சொல்லவில்லை. ஆல்கஹால் புற்றுநோய் விளைவிக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 1988இலேயே வகைப்படுத்தியது. நம் குடும்பங்களில் குடி செய்த அழிவை எந்தப் புள்ளிவிவரமும் அளந்து முடிக்காது. காஹாங்கில் ஓர் ஆலை எழ வேண்டும் என்பது என் கோரிக்கையும் அல்ல. சட்டம் எழுதுவோரிடம் கேட்பது இதுதான்: ஆல்கஹாலின் அளவுக்கேற்ற வரி எல்லா மதுவுக்கும் ஒரே நீதியாக இருக்கட்டும், மலிவு சம்சுவுக்கு மட்டும் சலுகையாகிவிட வேண்டாம். சிறிய உற்பத்தியாளர் கண்காணிப்புக்குள் வந்து நேர்மையாகத் தொழில் செய்ய ஒரு வழி இருக்கட்டும். திரட்டும் வரியில் ஒரு பங்கு குடிநோய்ச் சிகிச்சைக்கும், மதுவால் சிதைந்த தோட்டப்புறக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் போகட்டும். மலேசியத் தமிழ் அமைப்புகள் இந்த மூன்றையும் ஒரே கோரிக்கையாக நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கொண்டுபோக வேண்டும். தொண்டர் படை இளைஞர்கள் கடை வாசலில் நின்று கேட்ட நியாயம் இன்று சட்டத்தின் வாசகங்களில் கேட்கப்பட வேண்டியதாக இருக்கிறது.